இடது ஓரத்துக் கோடு

நான் அந்த வீட்டுக்கு முதல்முறை போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டின் வலது பாதியைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்துவிட்டு, போதவில்லை, இன்னும் வை என்று மனைவியிடம் கேட்டார். இடது பாதியில் வைத்தது வைத்தபடி இருந்தது. மனைவி தட்டை அரைவட்டமாகத் திருப்பினாள். அவர் புதிதாகப் பரிமாறியதைப் போல அதையும் சாப்பிட்டு முடித்தார்.

பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்கென்று படித்தவள். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் உடம்பின் இடப்பக்கம் தளரும். சிலருக்கு அதோடு இன்னொன்றும் சேரும். இடப்பக்கத்தில் இருக்கும் எதுவும் மனதில் பதியாது. கண்ணில் பழுதில்லை. கண் பார்க்கும், மூளை வாங்கிக்கொள்ளாது. இதில் பெரிய சங்கடம், தனக்கு ஒன்று விட்டுப்போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. குருடருக்குத் தான் குருடர் என்று தெரியும். இவர்களுக்கு உலகம் முழுசாகத்தான் இருக்கிறது.

ஆகவே முதல் நாளே என் பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்தேன். சாப்பாட்டு மேசையின் இடது விளிம்பு, வாசல் நிலையின் இடது பக்கம், குளியலறைக் கண்ணாடியின் இடது ஓரம் எல்லாவற்றிலும் ஒட்டினேன். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், பட்ட பிறகுதான் எந்த வேலையையும் தொடங்க வேண்டும். இதுதான் பயிற்சி. கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்கிறவருக்கு மலையைப் புரட்டுகிற வேலை.

அவர் ஒரு பால் நிறுவனத்தில் ரிப்போர்ட் தயாரிப்பவர். வாலிபத்தில் அங்கே வண்டிகள் ஏற்றும் முற்றத்தில் பால் பெட்டிகளை எண்ணும் ஆளாகச் சேர்ந்தார். எந்த வண்டி, எந்தக் கடை, எத்தனை பெட்டி என்று தாளில் கட்டம் போட்டுக் கையால் எழுதி டிரைவர்களிடம் கொடுப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் டிரைவர்கள் அவர் தாளுக்குத்தான் முண்டியடிப்பார்களாம். அவர்கள் வைத்த பெயர் கட்டக்காரர். அந்த முற்றத்தில் பட்டப்பெயர் இல்லாமல் ஒருவரும் தப்ப முடியாது. மூத்த டிரைவருக்கு ஹாரன் என்று பெயர். பக்கத்தில் நிற்பவரிடமும் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார்.

அந்தத் தாளுக்கென்று அங்கே இன்றுவரை ஒரு வழக்கமும் உண்டு. ஏதாவது ஒரு வண்டியின் நடை ரத்தானால் மேனேஜர் அந்த வண்டித் தாளின் இடது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுப்பார். கோட்டைப் பார்த்த டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கேள்வி கேட்க வேண்டாம், பதிலும் வராது. இதையெல்லாம் அவர் நடைப்பயிற்சியின்போது எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார். பேச்சில் குறையே இல்லை. கால்தான் பேச்சுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற எழுத்தர்கள் பயந்து ஒதுங்கினார்கள். இவர் மட்டும் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கடைசியில் நிறுவனத்தின் ரிப்போர்ட்டுகள் எல்லாமே இவர் கைக்கு வந்தன. அந்த வேலை என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பொருளை வைத்தே விளக்கினார்.

"எங்க குளிர் கிடங்கு இருக்கில்ல, டேட்டாபேஸ் அந்த மாதிரி. உள்ளே எல்லாமே இருக்கும். ஆனா டிரைவரை உள்ளே விட்டா நடுங்கிக்கிட்டே தேடிட்டு நிப்பாரு. நான் வாசல்ல நின்னு, அவருக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்து ஒரு தாள்ல அடுக்கிக் கையில குடுக்கறேன். அதுக்குப் பேரு ரிப்போர்ட்."

எனக்குப் புரிந்துவிட்டது. இதைவிட மோசமாகச் சொல்லிக்கொடுத்த மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் நடமாடத் தொடங்கிய சமயத்தில் அலுவலகத்தில் ரிப்போர்ட்டுகள் ஓடும் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைக்க ஏற்பாடாகியிருந்தது. பழைய ரிப்போர்ட்டுகள் புதியதில் ஓடாது, திரும்பச் செய்ய வேண்டும். வெளியே ஒரு கம்பெனி அதைச் செய்து தருவதாகச் சொல்லிக் காத்திருந்தது. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. அவர் சொன்னது இது: வீட்டுக்கு ஒரு லேப்டாப் அனுப்புகிறேன். ரிப்போர்ட் எழுதும் கருவிகளை நீங்களே அதில் அமைத்து, டிரைவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் காலை வண்டி ரிப்போர்ட்டை மட்டும் புது சர்வரில் போட்டுக் காட்டுங்கள். பழைய சர்வரை நிறுத்துவதற்குள் அது வந்துவிட்டால் உங்கள் வேலை உங்களுக்கு. வராவிட்டால் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு உடல்நிலைக் காரணத்தால் ஓய்வு.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். மனைவி வீட்டிலேயே திரைச்சீலையும் சீருடையும் தைப்பவள். தையல் இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வேலை இல்லாம இவரை நாள் முழுக்க வீட்ல வச்சுக்கறதுக்கு, அக்கா, எனக்குப் பக்கவாதம் வந்திருக்கலாம்" என்றாள். அவரும் சிரித்தார். சிரிப்பு வலது பக்கம்தான் வந்தது.

லேப்டாப் வந்தது. மூன்று அடுக்காக வேலை என்று அவர் சொன்னார். முதலில் பெரிய நிரல் ஒன்றை இறக்கி அமைக்க வேண்டும். அது வெறும் பட்டறைதான். அதற்குள் ரிப்போர்ட்டுக்கென்று தனியாக ஒரு துணைக்கருவியைச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு சர்வர் எது, எந்தப் பதிப்பு என்று அதற்குச் சொல்லி இணைப்புக் கொடுக்க வேண்டும். பதிப்பு தவறினால் இங்கே அழகாகத் தெரியும், அங்கே சர்வர் வாங்கிக்கொள்ளாது.

நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை நன்றாக ஓடியது. தளர்ந்தது இடது கை, மவுஸ் பிடிப்பது வலது கை. 'அடுத்து', 'சரி', 'முடிந்தது' என்று அமுக்க வேண்டிய பொத்தான்களெல்லாம் திரையின் வலது கீழ் மூலையிலேயே வந்தன. மற்றவற்றுக்கெல்லாம் விரலுக்குப் பழகிய கீபோர்டுக் குறுக்கு விசைகள். அன்று மாலை மனைவியைக் கூப்பிட்டு, எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிவிட்டது என்று பெருமையடித்தார். அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து அவரை அதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் தொடங்கியது தலைவலி. ரிப்போர்ட் செய்வதற்கு ஒரு பலகம் வேண்டுமாம். குளிர் கிடங்கிலிருந்து எடுத்துவந்த பெயர்கள் எல்லாம், கடை, வண்டி, பெட்டி என்று, அந்தப் பலகத்தில் வரிசையாக நிற்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டத்தில் போட வேண்டும். அந்தப் பலகம் வரவே இல்லை. அதை வரவழைக்கும் விசைகளை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமுக்கினார். அமைத்ததில் ஏதோ பழுது என்று முடிவு செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தார். பலகம் இல்லை. பெரிய நிரலை வைத்துக்கொண்டு துணைக்கருவியை மட்டும் மாற்றிப் பார்த்தார். பலகம் இல்லை. நிறுவனம் பழுதான லேப்டாப்பைத் தள்ளிவிட்டது என்றார். டவுன்லோட் செய்த கோப்பே கெட்டுப்போனது என்றார். இணையத்தைத் திட்டினார். பிறகு என்னையும் திட்டினார், நான் துணி உதறுகிற தூசி உள்ளே போய்விட்டதாம்.

மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தபடியே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாள்.

அவருக்கு ஆடத் தெரியும். அதுதான் என்னை உறுத்தியது. இத்தனை காலம் ஆடியவருக்குத் திடீரென்று எப்படிக் கூடம் கோணலாகும்? ஆனால் அந்தத் திரையில் என்ன இருக்க வேண்டும், எது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது பெட்டிக்குள் பெட்டியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பெண்ணை உதவிக்கு அழைத்தார். அவள் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வாக்கியத்துக்கு ஒரு ஹலோ போடுவாள், அதனால் முற்றத்தில் அவள் பெயர் ஹலோ. தன் இடத்திலிருந்தே அவருடைய திரையைப் பார்க்கும்படி எதையோ இணைத்துக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தோம்.

"ஹலோ சார், பார்த்துட்டேன். பலகம் இருக்கே சார்."

"எங்கம்மா இருக்கு?"

"அங்கயேதான் சார், இடது பக்கம். பெருசா திறந்துதான் இருக்கு. ஹலோ? சார்?"

நான் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அவருடைய இடது பக்கம் போய் நின்று, திரையின் இடது விளிம்பில் என் விரலை வைத்து, சிவப்பைத் தேடுவதைப் போல என் விரலைத் தேடச் சொன்னேன். தலை மெதுவாகத் திரும்பியது. விரல் கண்ணில் பட்டது. விரலுக்கு அடுத்து, அவர் இரண்டு நாளாகத் தேடிய பலகம் கண்ணில் பட்டது. கடை, வண்டி, பெட்டி. அவர் அழித்து அழித்து அமைத்த ஒவ்வொரு தடவையும் அது அங்கே திறந்தபடி நின்றிருக்கிறது.

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ கருவி நல்லாத்தான் இருக்கு" என்றார். இடது பக்கத்தைக் கவனியுங்கள் என்று நான் வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரும் சரி சரி என்று எனக்காகத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நம்பினார். தட்டில் மிச்சம் வைத்த சாப்பாடு சொல்லாததை இந்தப் பலகம் சொல்லிவிட்டது. அவரவர் தொழிலில் அடிபட்டால்தான் அவரவருக்கு வலிக்கும்.

ஹலோ நல்ல பெண். தயக்கமாக ஒரு வழி சொன்னாள். அந்தப் பலகத்தை அப்படியே பிடித்து இழுத்துத் திரையின் வலது பக்கம் ஒட்டி வைத்துவிடலாமாம். அப்புறம் தேடவே வேண்டாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் படிப்பில் அது பாவம். விட்டுப்போன பக்கத்துக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். தண்ணீர் டம்ளரை இடது பக்கம் வைப்பேன், நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதும் இடது பக்கம்தான். எல்லாவற்றையும் வலது பக்கம் கொண்டுவந்து கொடுத்தால் இடது பக்கம் நிரந்தரமாகக் கடையைச் சாத்திவிடும். அப்படியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அக்கா, நடக்கறதுக்கு நீங்க சொல்றதைக் கேக்கறேன். வண்டி ரிப்போர்ட்டை முதல்ல போட்டுட்டு அப்புறமா குணமாகறேன்" என்றார். அதுவும் நியாயம்தான். தடி ஊன்றி நடப்பவரிடம் தடியில்லாமல்தான் நடக்க வேண்டும் என்று சொல்கிறவள் அல்ல நான். பலகம் வலது பக்கம் போனது.

வேலை ஓடியது. பெயர்கள் ஒவ்வொன்றாக வலது பக்கத்திலிருந்து கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன. முடித்ததும் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் இடத்தில் போட்டுப் பார்த்து, திருப்தியாக மனைவியைக் கூப்பிட்டார். அவள் விரலில் ஊசியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பாதித் தாள் வெறுமையா இருக்கே. மீதியை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

தாளின் நடுவிலிருந்து தொடங்கி வலது பக்கமாகவே எல்லாவற்றையும் நெருக்கியிருந்தார். இடது பாதி வெள்ளை. வலது ஓரம் இடம் போதாமல் தாளைத் தாண்டி அடுத்த பக்கத்தில் தனியாக விழுந்துகிடந்தது. முதல் கட்டத்தில் வர வேண்டிய கடைப் பெயரே இல்லை. எத்தனை பெட்டி என்று இருந்தது, யாருக்கு என்று இல்லை.

பலகத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம். தாளுக்கு இடது பக்கம் இடது பக்கம்தான். டிரைவர்கள் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள்.

நான் சிவப்பு டேப்பை எடுத்தேன். அலுவலகப் பொருளில் ஒட்டாதீர்கள் என்றார். ஒட்டினேன். அது பாதிதான் உதவியது. திரையின் ஓரம் தெரிந்தது, ஆனால் தாள் திரையின் நடுவில் மிதக்கிறது. மேலும் கீழும் நகர்கிறது, பெரிதாகிறது, சிறிதாகிறது. ஓரத்தில் ஒட்டிய டேப்புக்கும் தாளின் விளிம்புக்கும் சம்பந்தம் இல்லை. திரும்பத் திரும்பக் கடைப் பெயர் காணாமல் போனது. ஒரு தடவை வண்டி எண்ணும் சேர்ந்து போனது. அவர் மேசையைக் குத்தவில்லை, கத்தவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் கெட்ட அடையாளம். ஹலோ போன் செய்து பழைய சர்வரை நிறுத்தும் நாள் நெருங்கிவிட்டது என்றாள். கம்பெனி ஆள் வந்து மேனேஜரைப் பார்த்துவிட்டுப் போனதையும் சொன்னாள்.

ஒரு நாள் காலை நான் அவரை நடக்கவைத்துத் திரும்பக் கூட்டிவந்தபோது, மேசை விளிம்பில் இருந்த டேப்பை வலது கை விரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ரிப்போர்ட் எழுதும் கருவியில் கோடு வரைய ஒரு வசதி உண்டு. தலைப்புக்குக் கீழே அடிக்கோடு போடப் பயன்படுவது. அதை எடுத்து, தாளின் இடது விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழ்வரை தடிமனாக ஒரு கோடு வரைந்தார். டேப்பைப் போலவே சிவப்பு. இப்போது தாள் எங்கே நகர்ந்தாலும் கோடும் கூடவே நகர்ந்தது. கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பினார். கோட்டை ஒட்டி முதலில் கடைப் பெயரை வைத்தார். அடுத்து வண்டி. அடுத்து பெட்டி. மனைவி வந்து பார்த்துவிட்டு இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அது பெரிய பாராட்டு.

அந்த யோசனை என்னுடையது அல்ல, அவருடையது. என் பாடப் புத்தகத்தில் மேசைக்கு டேப் ஒட்டச் சொல்லியிருந்தது, தாளுக்குள் ஒட்டச் சொல்லவில்லை.

அன்று பிற்பகலே ஹலோ எண்களைச் சரிபார்த்தாள். கடை சரி, பெட்டி சரி. சர்வர் பதிப்பும் சரியாக அமைந்திருந்தது. ரிப்போர்ட்டைப் புது சர்வரில் ஏற்றினார். ஏறிவிட்டது. சர்வரில் போடும்போது கோட்டை எடுத்துவிடுவேன் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். ஏறிய சந்தோஷத்தில் மறந்துவிட்டார். கோடு அவருக்கு அதற்குள் தாளின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். வலது கன்னம் முடிந்திருந்தது. இடது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. சிவப்பைத் தேடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், போன் அடித்தது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் பேசியது மேனேஜர் அல்ல, ஹாரன். ஸ்பீக்கரே தேவைப்பட்டிருக்காது.

"கட்டக்காரரே, நாங்க என்ன தப்பு பண்ணினோம்? எல்லா வண்டியும் ரத்தா?"

அவர் கையில் சவரக் கத்தி நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சிவப்புக் கோடு, இடது ஓரம், மேலிருந்து கீழ்வரை. மேனேஜரின் பேனா எப்படி இழுக்குமோ அப்படியே, ஒவ்வொரு வண்டியின் தாளிலும். டிரைவர்கள் தாளை வாங்கியிருக்கிறார்கள், கோட்டைப் பார்த்திருக்கிறார்கள், சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். கேள்வி கேட்கும் வழக்கம்தான் அங்கே இல்லையே. பாதிப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்களாம். ஒருவர் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாராம். பால் அத்தனையும் கிடங்கில் நின்றது. கடைக்காரர்கள் அலுவலகத்து போனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹலோ முற்றத்தில் நின்று பழகியவள் அல்ல, அவளுக்குக் கோட்டின் அர்த்தம் எப்படித் தெரியும்? முப்பது வருடம் அந்தக் கோட்டோடு பழகியவருக்கே நினைவு வரவில்லை. வீட்டில் நான் சிவப்புக்கு வேறு அர்த்தம் கற்றுக்கொடுத்து வைத்திருந்தேன்.

போன் கைமாறியது. மேனேஜர் கத்தவில்லை. களைத்த குரலில் கேட்டார்.

"புது சாஃப்ட்வேர் கோளாறுதானே? கம்பெனிக்காரங்க அப்பவே சொன்னாங்க, புது சர்வர்ல ஆரம்பத்துல இப்படி ஏதாவது வரும்னு."

தப்பிக்க வாசலை அவரே திறந்து வைத்துவிட்டார். மனைவி கணவனைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லுங்கள் என்று தலையை வேகமாக ஆட்டினாள். நான் நடுவில் புகவில்லை. மருந்து மாத்திரை என்றால் புகுவேன். இது அவர் வேலை, அவர் வாய்.

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். இடது கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க சார். சாஃப்ட்வேர் நல்லா இருக்கு. கோடு நான் போட்டது. தாளோட இடது பக்கம் எங்க ஆரம்பிக்குதுன்னு இப்போ எனக்குப் பிடிபடறதில்ல. கோடு இருந்தாதான் அங்க திரும்பிப் பார்ப்பேன்."

அந்தப் பக்கம் பின்னால் ஹாரன் யாரையோ கூப்பிட்டு, ரத்து இல்லையாம், வண்டியை எடு என்று கத்துவது மட்டும் கேட்டது. மேனேஜர், முதலில் பாலை அனுப்புகிறேன், பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டார்.

மனைவி அவரை ஒரு பிடி பிடித்தாள். வாயில் வைத்து ஊட்டிய பொய்யைக்கூட விழுங்கத் தெரியாத மனுஷன் என்றாள். இனி நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து என் நூல்கண்டுகளை எண்ணுங்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு பதில்தான் சொன்னார்.

"சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொன்னா, முதல் வேலையா கோட்டை எடுத்துடுவாங்க. எடுத்துட்டா நாளைக்குக் கடைப் பேரு காணாம போகும். காணாம போனது எனக்கே தெரியாது. அப்புறம் எந்தக் கோளாறைச் சொல்றது?"

நேர்மை என்று அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஊன்றுகோலை ஒளித்து வைத்துவிட்டு நடக்க முடியாது என்று தெரிந்துகொண்டார். தனக்கு என்ன இல்லை என்று தெரிந்த நோயாளியைத்தான் வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் கடைக்குப் போக முடியும். அன்று போனேன்.

மேனேஜரின் பதில் வரச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் அவர் லேப்டாப்பைத் தொடவில்லை. நடந்தார், சாப்பிட்டார், டேப்பைத் தேடினார். பதில் வந்தபோது அது இனிப்பாகவும் இல்லை, முழுக் கசப்பும் இல்லை. ரிப்போர்ட் வேலை அவரிடமே இருக்கும், வீட்டிலிருந்தே அரை நாள் செய்யலாம். ஆனால் பிரிவின் பொறுப்பு ஹலோவுக்குப் போகிறது. அவர் செய்யும் எதையும் அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சர்வரில் போட வேண்டும். முற்றத்திலிருந்து ஏறி வந்து பிடித்த நாற்காலி அது. இறங்கச் சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அன்று மாலை அவர் என்னிடம் நடைப்பயிற்சி வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதை நான் கேட்பதில்லை. நடந்தோம். தெருக்கோடி வரைக்கும் போனோம். திரும்பும்போது, அந்தப் பெண் கணக்கில் கெட்டி, வண்டி பற்றித்தான் ஒன்றும் தெரியாது, முற்றத்தில் ஒரு வாரம் நின்றால் சரியாகிவிடும் என்றார்.

மேனேஜர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கோடு இருக்கட்டும், ஆனால் சிவப்பு வேண்டவே வேண்டாம்.

அதில் எனக்கு ஒரு வேலை வந்தது. தாளில் ஒரு நிறம், வீட்டில் ஒரு நிறம் என்று வைத்தால் அவருக்குக் குழப்பம். தேடும் நிறம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மனைவியின் தையல் பெட்டியில் பச்சை நாடா ஒரு சுருள் இருந்தது, ஏதோ திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சியது. அவள் அளந்து வெட்டிக் கொடுத்தாள். நான் மேசை, நிலை, கண்ணாடி, லேப்டாப் எல்லாவற்றிலும் சிவப்பை உரித்துவிட்டுப் பச்சையைப் பசை போட்டு ஒட்டினேன். மேசையில் மட்டும் பழைய டேப் வார்னிஷையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது. மேசை பாழாகிவிட்டது என்று மனைவி என்னையும் ஒரு பிடி பிடித்தாள். அந்த வீட்டு ஆளாகிவிட்டேன் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பச்சைக் கோட்டோடு தாள் போன முதல் நாள் ஹாரன் போன் செய்து, பச்சை என்றால் இனிமேல் வேகமாக ஓட்டலாமா என்று கேட்டார். கோட்டுக்கு அடுத்து இருக்கும் கடைப் பெயரைப் படித்துவிட்டு ஓட்டினால் போதும் என்று இவர் சொன்னார்.

அவர் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை வந்ததும் நான் வேறு வீட்டுக்குக் கிளம்பினேன். வேறொரு பக்கவாதம், இந்தத் தடவை பேச்சு போனவர். கிளம்பும் காலையில் கட்டக்காரர் வாசல்வரை தானாகவே நடந்து வந்தார். நிலையில் இருந்த பச்சை நாடாவைத் தலை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தோள் இடிக்காமல் தாண்டினார். முகத்தைப் பார்த்தேன். சவரத்தில் இடது காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டிருந்தார். சொல்லலாமா என்று யோசித்தேன்.

அதற்குள் மனைவி உள்ளேயிருந்து கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றாள்.